மறைபொருளும் பழிகரப்பும்: மறுமலர்ச்சிக் காலச் சமய ஓவியங்களைப் பொருள்கொள்ளும் முறை குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மறுமலர்ச்சிக் காலத்துச் சமய ஓவியங்களுட் பெரும்பாலானவை திருச்சபையின் அல்லது அதனைச் சார்ந்த செல்வர்களின் பொருளுதவியால், வழிபாட்டிடங்களிலும் துறவியர் மடங்களிலும் வைப்பதற்கென்றே தீட்டப்பெற்றவை. இன்ன நிகழ்ச்சியை இன்ன முறையில் வரைதல் வேண்டும் என்பது பல வேளைகளில் ஒப்பந்தத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. எனினும் அவ்வோவியங்களுள் திருச்சபைக்கு மாறான கருத்துகளை ஓவியர்கள் மறைத்து வைத்துள்ளனர் என்னும் கூற்று தொடர்ந்து முன்வைக்கப்பட்டு வருகின்றது. மருத்துவ இதழ்க் கட்டுரைகள் முதல் 2003இல் வெளிவந்த டான் பிரவுனின் 'டாவின்சி கோட்' புதினம் வரை இக்கூற்று பல வடிவங்களைப் பெற்றுள்ளது.

இக்கூற்று மெய்யா பொய்யா என்று ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. மறைபொருள் என்று ஒரே பெயரால் சுட்டப்படுவன உண்மையில் வெவ்வேறு வகையின. அவற்றைப் பிரித்தறிதலும், ஒவ்வொன்றையும் ஏற்பதற்கு எத்தகைய சான்று வேண்டும் என வரையறுத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். பனுவலில் வெளிப்படையாக இல்லாத பொருளை எந்த அளவிற்கு வெளிக்கொணரலாம் என்பது மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா. ஆதலின் இவ்வாய்வு ஓவிய வரலாற்றோடு மட்டும் நின்றுவிடுவதன்று.

2. வகைப்பாடு

மறைவாகப் பொருளுணர்த்தும் முறைகளைத் தமிழ் இலக்கண மரபு நுண்ணிதின் பாகுபடுத்தியுள்ளது. அகப்பாடலில் கருப்பொருள்களைக் கொண்டு மற்றொரு பொருளை உணர்த்துவது உள்ளுறை. இது மரபறிந்தார் அனைவர்க்கும் உரியது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்குவது குழூஉக்குறி. இது புறத்தார்க்கு விளங்காமலிருத்தலே அதன் பயன். வசையை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். நான்கும் நான்கு வேறுபட்ட தொடர்பாடற் சூழல்களைக் கொண்டவை. உள்ளுறைக்கு மரபறிந்த கேட்போர் வேண்டும். குழூஉக்குறிக்கு ஒரு குழு வேண்டும். அங்கதத்திற்கு வசைக்குரியவர் ஒருவரும், அதனை உணர்ந்து நகைப்போர் சிலரும் வேண்டும்.

மறுமலர்ச்சி ஓவியத்தில் மறைபொருள் காண்போர் பலரும் இவ்வேறுபாட்டைப் போற்றுவதில்லை. உள்ளுறைக்குரிய சான்றைக் காட்டிக் குழூஉக்குறியை நிறுவ முயல்வதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை எனலாம்.

3. மரபுவழி மறைபொருள்

முதலில், ஐயத்திற்கு இடமின்றி மறைபொருள் உடையனவற்றை நோக்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சார்ந்த க்ளாய்ஸ்டர்ஸில் மெரோட் பீட ஓவியம் எனப்படும் மூன்று பலகை ஓவியம் உள்ளது. ஏறத்தாழ 1427-32இல் நெதர்லாந்து ஓவியர் ரொபெர் காம்பினின் பட்டறையில் தீட்டப்பெற்றது. நடுப்பலகையில் வானதூதர் மரியாளுக்கு நற்செய்தி உரைக்கின்றார். வலப்பலகையில் யோசேப்பு தம் தச்சுக் கூடத்தில் அமர்ந்துள்ளார். அவர் முன்னுள்ள மேசைமீதும் சாளரத்தின் வெளிப்பலகைமீதும் எலிப்பொறிகள் காணப்படுகின்றன. தச்சன் வீட்டில் எலிப்பொறி இருப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் சிலுவை, சாத்தானைப் பிடிப்பதற்கு வைக்கப்பட்ட எலிப்பொறி என்னும் உருவகம் புனித அகுஸ்தீனின் மறையுரைகளில் உள்ளது. இத்தொடர்பை மேயர் ஷப்பிரோ 1945இல் எடுத்துக்காட்டினார். அன்றாடப் பொருள்களுக்குள் சமயக் கருத்தைப் பொதிந்துவைக்கும் இம்முறையை எர்வின் பனோஃப்ஸ்கி 1953இல் வெளியிட்ட நூலில் மாறுவேடக் குறியீடு என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார்.

மொழியியலார்க்கு மேலும் சுவை பயப்பது, வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள யான் வான் ஐக்கின் ஓவியம். ஏறத்தாழ 1434-36இல் தீட்டப்பெற்ற இதிலும் அதே நற்செய்தி நிகழ்ச்சியே இடம்பெறுகின்றது. வானதூதரின் வாழ்த்துரை பொன்னெழுத்துகளில் நேராக எழுதப்பட்டுள்ளது. மரியாளின் மறுமொழியோ தலைகீழாக எழுதப்பட்டுள்ளது. ஓவியத்தின் முன் நிற்பவர்க்குப் பிழைபோல் தோன்றும் இவ்வரி, மேலிருந்து நோக்கும் இறைவன் படிப்பதற்கு ஏற்ப அமைந்தது என்று விளக்கப்படுகின்றது. எழுத்தின் திசையே இங்கு முன்னிலை யார் என்பதை உணர்த்துகின்றது. மொழியில் வேற்றுமையுருபோ விளியோ செய்யும் பணியை இடக்கிடப்பு செய்கின்றது என்று கூறலாம்.

இவ்விரு சான்றுகளிலும் மறைபொருள் உண்டு, எதிர்ப்பொருள் இல்லை. மறைந்திருப்பது சபை கற்பித்த கருத்தே. எனவே மறைத்தல் என்றாலே எதிர்த்தல் என்று கொள்வது பொருந்தாது. இவை உள்ளுறை வகையின. நூற்சான்றும் மரபுச்சான்றும் இவற்றிற்கு உள.

4. மொழிபெயர்ப்பால் முளைத்த குறியீடு

மறைபொருள் போலத் தோன்றுவன சில, ஒரு சொல்லின் பெயர்ப்பிலிருந்து பிறந்தவை. உரோமையின் சான் பியெத்ரோ இன் வின்கோலி கோவிலில் உள்ள மைக்கேலாஞ்சலோவின் மோசே சிற்பத்தின் தலையில் இரு கொம்புகள் உள்ளன. சிற்பமேயாயினும் அக்கால ஓவியத்திலும் வழங்கிய குறியீடு ஒன்றின் வரலாற்றை இது தெளிவாகக் காட்டுதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் மோசே மலையினின்று இறங்கியபோது அவருடைய முகத்திற்கு நேர்ந்ததைக் குறிக்க எபிரேய மூலம் 'காரன்' என்னும் வினையைக் கையாள்கின்றது. கொம்பு எனப் பொருள்படும் 'கெரென்' என்னும் பெயரோடு இவ்வினை வேர்த்தொடர்புடையது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு மாட்சிமை பெற்றது என்னும் பொருள்பட இதனைப் பெயர்த்தது. ஜெரோம் தமது இலத்தீன் மொழிபெயர்ப்பில் கொம்புடையது என்னும் பொருள்தரும் சொல்லை ஆண்டார். இன்று வழங்கும் தமிழ் விவிலியங்கள் ஒளிர்தற் பொருளையே தருகின்றன.

ஜெரோம் மூலத்தை அறியாது பிழைத்தார் என்று எளிதாகக் கூறிவிடுதல் முறையன்று. அவருக்கு முன்னரே ஆக்குவிலா என்னும் யூத மொழிபெயர்ப்பாளர் கிரேக்கத்தில் கொம்புப் பொருளைக் கொண்டிருந்தார். விவிலிய வழக்கில் கொம்பு வலிமைக்கும் மாட்சிமைக்கும் உருவகமாதலை ஜெரோமும் அறிந்திருந்தார். வேர்ப்பொருளைப் போற்றிய பெயர்ப்பு அது. ஆனால் பெறுமொழியில் அவ்வுருவகம் உயிரோடில்லாதபோது சொல் மட்டும் எஞ்சியது. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுந்த கையெழுத்துப்படி ஓவியங்களில் மோசே கொம்புடன் தோன்றத் தொடங்கினார். அதன்பின் கொம்பு, மோசேயை அடையாளம் காட்டும் மரபுக் குறியாயிற்று. அதே காலத்தில் யூதரைச் சாத்தானோடு இணைத்துக் கொம்புடன் வரையும் வசை மரபும் ஐரோப்பாவில் பரவியிருந்தது. மாட்சிமைக்குரிய கொம்பும் இழிவுக்குரிய கொம்பும் வடிவில் வேறுபாடின்றி அருகருகே நின்றன. இரண்டும் ஒன்றையொன்று பாதித்த விதத்தை ரூத் மெல்லின்கோஃப் 1970இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கின்றது.

மைக்கேலாஞ்சலோவின் கொம்பில் எதிர்ப்புக் குறிப்போ இகழ்ச்சிக் குறிப்போ காண்பதற்குச் சிற்பத்தில் சான்றில்லை. ஆயினும் காண்போர் மனத்தில் அது விளைக்கும் பொருள், படைத்தவர் கருதியதோடு நின்றுவிடவும் இல்லை. ஒரு குறிப்பானுக்குரிய குறிப்பீடு காலத்தால் மாறும்போது, பழைய குறிப்பானே புதிய பழியைச் சுமக்க நேர்கின்றது. இப்பழிக்கு ஆளானோர் ஒரு மக்கட் கூட்டத்தார் என்பதை நோக்க, மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல் எத்துணைத் தொலைவு செல்லவல்லது என்பது விளங்கும்.

5. குழூஉக்குறிக் கோட்பாடும் அதன் குறைபாடும்

மேற்கூறிய வகைகளினின்று வேறுபட்டது, ஓவியர் ஒரு மறைமொழியை உருவாக்கினார் என்னும் கோட்பாடு. 1990இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் பிராங்க் மெஷ்பர்கர் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிஸ்தைன் சிற்றாலயத்தின் விதானத்தில் 1508-12இல் மைக்கேலாஞ்சலோ தீட்டியவற்றுள் ஆதாமின் படைப்பும் ஒன்று. அதில் இறைவனைச் சூழ்ந்துள்ள செந்நிற ஆடையின் புறவரை மனித மூளையின் குறுக்குவெட்டை ஒத்துள்ளது என்றும், இறைவன் ஆதாமுக்கு அளிப்பது அறிவே என்றும் அவர் கருதினார். மைக்கேலாஞ்சலோ பிணங்களை அறுத்து உடற்கூறு பயின்றவர் என்பது அவர் காலத்து வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி. ஆதலின் அவருக்கு இவ்வறிவு இருந்திருத்தல் கூடும்.

எனினும் ஒருவர்க்கு ஒரு சொல் தெரியும் என்பது, அவர் அச்சொல்லைக் கூறினார் என்பதற்குச் சான்றாகாது. வடிவ ஒப்புமை ஒன்றே இங்குக் காட்டப்படும் ஆதாரம். அவ்வொப்புமையைப் பொருளாக மாற்றும் நூலோ, உரையாடலோ, அதனை உணர்ந்த அக்காலத்தவர் ஒருவரோ காட்டப்படவில்லை. எலிப்பொறிக்கு அகுஸ்தீன் இருந்தார்; மூளைக்கு அத்தகைய துணையில்லை. குழூஉக்குறி என்பதற்குக் குழு வேண்டும். நானூற்றெழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே முதல் கேட்பவரைப் பெறும் குறியை வழக்கு என்று கூறுதல் அரிது.

மற்றொரு பிழை, வகைமையின் இலக்கணம் அறியாமையால் நேர்வது. லியொனார்தோ 1495-98இல் மிலான் மடத்து உணவுக்கூடச் சுவரில் தீட்டிய இறுதி இராவுணவில் இயேசுவின் அருகிலுள்ள மென்மையான முகமுடையவர் மகதலா மரியாள் என்பது டான் பிரவுனின் புதினம் பரப்பிய கருத்து. ஆனால் யோவானைத் தாடியற்ற இளைஞராக வரைதல் பிளாரன்சு ஓவிய மரபு. காஸ்தாஞ்ஞோ 1447இலும் கிர்லாந்தயோ 1480இலும் அந்நகரில் தீட்டிய இராவுணவுகளிலும் யோவான் அவ்வாறே காணப்படுகின்றார். ஒரு மொழியின் விதியை அறியாதவர், அவ்விதிப்படி அமைந்த தொடரையே பிறழ்ச்சி எனக் கருதுவது இயல்பு. பிறழ்ச்சி என்று கொண்டபின் அதற்கொரு மறைபொருள் தேடுவதும் இயல்பே.

இதனால் நெடுங்காலம் கவனிக்கப்படாதவை எல்லாம் பொய் என்பது கருத்தன்று. சிஸ்தைன் சிற்றாலயத்தின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் (1536-41) புனித பர்த்தலமேயு கையில் தொங்கும் உரித்த தோலில் காணப்படும் முகம் மைக்கேலாஞ்சலோவினுடையது என்று பிரான்செஸ்கோ லா காவா 1925இல்தான் எடுத்துரைத்தார். இக்கருத்து அறிஞர் பலரால் ஏற்கப்பட்டது. ஓவியரின் பிற உருவங்களோடு ஒப்பிடத்தக்க முக ஒற்றுமையும், ஓவியர்கள் தம் முகத்தைக் கூட்டத்தினிடையே சேர்க்கும் வழக்கமும் இதற்குத் துணையாயின. மூளைக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு, கண்டறிந்த காலத்தைப் பொறுத்ததன்று, துணைச்சான்றைப் பொறுத்தது.

6. வெளிப்படையான எதிர்ப்பு

உண்மையில் அக்காலத்துத் திருச்சபையைச் சினங்கொள்ளச் செய்தவை பெரும்பாலும் மறைந்திருந்தவை அல்ல. 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் ஆடையற்ற உருவங்கள் மிகுந்திருத்தலைத் திருத்தந்தையின் சடங்கு அலுவலர் பியாஜோ தா செசேனா குறைகூறினார். உடனே மைக்கேலாஞ்சலோ அவருடைய முகத்தை நரகத்தின் நடுவர் மீனோசுக்கு வைத்துவிட்டார் என வசாரி கூறுகின்றார். கழுதைச் செவிகளும் உடலைச் சுற்றிய பாம்பும் உடைய அவ்வுருவத்தை எவரும் காணலாம். இது செம்பொருள் அங்கதம். அதன் ஆற்றல் மறைவில் இல்லை. சம்பந்தப்பட்டவர் நாள்தோறும் அதன்முன் நிற்க வேண்டியிருந்தமையில் உள்ளது.

1563 டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் திருவுருவங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. பொய்க் கோட்பாட்டை உணர்த்தும் உருவங்களும் ஒழுங்கற்றவையும் தகாதவையும் விலக்கப்பட்டன. வழக்கத்திற்கு மாறான உருவத்திற்கு ஆயரின் இசைவு தேவைப்பட்டது. 1565இல் தானியேலே தா வொல்தெர்ரா 'இறுதித் தீர்ப்பின்' உருவங்கள் சிலவற்றிற்கு ஆடை தீட்டினார். கால்சட்டை தைப்பவர் என்னும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. இடக்கரடக்கலை ஒத்த இச்செயலின் விளைவு நோக்கத்தக்கது. மூடிய துணி, மூடப்பட்டதன்பால் கண்ணை ஈர்த்தது. மறைபொருளை ஈண்டு உண்டாக்கியவர் ஓவியர் அல்லர், மறைத்தவரே.

7. வெரோனேசே விசாரணை

இத்துறையில் கிடைக்கும் மிகச் சிறந்த மொழிச்சான்று 1573 ஜூலை 18இல் வெனிசு நகரச் சமய விசாரணை மன்றத்தில் நிகழ்ந்த உரையாடலின் பதிவாகும். பாவ்லோ வெரோனேசே (1528-88), சாந்தி ஜொவான்னி எ பாவ்லோ என்னும் தொமினிக்கன் மடத்தின் உணவுக்கூடத்திற்கு ஓர் இராவுணவு ஓவியம் தீட்டியிருந்தார். 1571இல் தீக்கிரையான தித்தியானின் ஓவியத்திற்கு மாற்றாக அமைந்த அது, ஐந்தரை மீட்டர் உயரமும் பன்னிரண்டு மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் உடையது. மாளிகை வளைவுகளின் கீழ் இயேசுவும் சீடரும் அமர்ந்திருக்க, அவர்களைச் சூழப் பணியாளர், கோமாளி, நாய் எனப் பலர் நிறைந்துள்ளனர்.

மன்றத்தார் உருவங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி அவற்றின் பொருளை வினவினர். மூக்கில் குருதி வடியும் பணியாளன் எதற்கு? செருமானியர் உடையில் ஈட்டிக்கோடரி தாங்கிய வீரர் எதற்கு? கையில் கிளியுடன் கோமாளி எதற்கு? ஏதோ நேர்ச்சியால் பணியாளனுக்குக் குருதி வந்தது, வீட்டுத் தலைவர் செல்வராதலின் காவலர் இருந்தனர், கோமாளி வழக்கம்போல் அழகுக்காக வைக்கப்பட்டான் என்று ஓவியர் விடையளித்தார். கவிஞர்க்கும் பித்தர்க்கும் உள்ள உரிமை ஓவியர்க்கும் உண்டு என்றார். இடம் மிகுந்திருந்தால் தாம் கற்பனை செய்த உருவங்களால் அதனை அணிசெய்வதாகவும் கூறினார்.

வினாக்களுள் ஒன்று கருத்தாடல் ஆய்வாளரின் தனிக் கவனத்திற்குரியது. செருமனியிலும் பிற இடங்களிலும் கேலி நிறைந்த ஓவியங்களால் கத்தோலிக்கத் திருச்சபையை இழித்துரைப்பது வழக்கம் என்பதை அறியாயோ என்று மன்றம் கேட்டது. இவ்வினாவின் முற்கோள் ஓவியத்தின் பொருளை முன்னரே முடிவு செய்துவிடுகின்றது. ஆம் என்றால் அறிந்தே செய்தமை ஆகும். இல்லை என்றால் அறியாமையால் அதே தீங்கைச் செய்தமை ஆகும். அவ்வழக்கம் தீயது என ஒப்புக்கொண்ட ஓவியர், முன்னோரைப் பின்பற்றியமையைக் காட்டி, மைக்கேலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பை' மேற்கோளாக்கினார். அங்கு ஆன்மாக்களுக்கு ஆடை வேண்டுவதில்லை என்றும், அவ்வோவியத்தில் கோமாளியோ நாயோ இல்லை என்றும் மன்றம் மறுத்தது.

வெரோனேசே உள்ளத்தில் எதிர்ப்பு எண்ணம் இருந்ததா என்பதை இப்பதிவு நிறுவாது. தண்டனைக்கு அஞ்சுபவரின் கூற்றை அப்படியே உள்ளக்கருத்தாகக் கொள்ளல் ஆகாது. பதிவு நிறுவுவது வேறொன்று. ஓவியத்தில் எதுவும் பொருளின்றி இருக்கவியலாது என்பது மன்றத்தின் நிலைப்பாடு. பொருள் குறியாத அணியும் உண்டு என்பது ஓவியரின் நிலைப்பாடு. அவருடைய விடுதலை இரண்டாவது நிலைப்பாட்டையே சார்ந்திருந்தது. இன்று மறைமொழி தேடுவோர் ஓவியரின் சார்பாகப் பேசுவதாகக் கருதுகின்றனர். ஆனால் ஒவ்வோர் உருவத்திற்கும் ஒரு மறைபொருள் உண்டு என்று வற்புறுத்தும்போது அவர்கள் ஏற்பது மன்றத்தின் பொருள்கோள் முறையையே. மன்றம் குற்றமென்று கண்டதை இவர்கள் வீரமென்று காண்கின்றனர். படிக்கும் முறை ஒன்றே.

8. பெயர் மாற்றம்

மூன்று திங்களுக்குள் தம் செலவில் ஓவியத்தைத் திருத்த வேண்டும் என்பது தீர்ப்பு. கோமாளியும் வீரரும் இன்றும் வெனிசு அக்காதெமியா ஓவியக் கூடத்தில் உள்ள அவ்வோவியத்தில் நிற்கின்றனர். சேர்க்கப்பட்டது ஒரு வரி: லேவி ஆண்டவருக்குப் பெருவிருந்து செய்தான் என்று பொருள்படும் இலத்தீன் தொடரும், லூக்கா 5ஆம் அதிகாரம் என்னும் குறிப்பும் ஆகும்.

இராவுணவு, லேவி வீட்டு விருந்தாயிற்று. லேவி வரி வசூலிப்பவர். அவர் வீட்டு விருந்தில் பாவிகள் எனப்பட்டோர் இயேசுவுடன் அமர்ந்தனர். அதனைக் குறைகூறியோர்க்கு, நோயுற்றோர்க்கே மருத்துவர் தேவை என்று இயேசு மறுமொழி கூறியதாக அவ்வதிகாரம் உரைக்கின்றது. இராவுணவில் தகாதவர்களாய் இருந்த அதே உருவங்கள் இவ்விருந்தில் இருக்கவேண்டியவர்களாயினர். குறைகூறியோரின் இடத்தில், அவ்வதிகாரத்தின்படி, விருந்தினரின் தகுதியை வினவுவோரே நிற்கின்றனர். விசாரணை மன்றத்தார் தம்மை அவ்விடத்தில் கண்டனரா என்பதற்குப் பதிவில்லை. இவ்வரியைத் தேர்ந்தவர் இதனைக் கருதித் தேர்ந்தாரா என்பதும் அவ்வாறே. ஆயினும் வரியும் அதிகாரமும் எல்லார் கண்ணுக்கும் வெளிப்படையாக உள்ளன. பழிகரப்பு எனத்தக்கது இவ்வோவியத்தில் உண்டெனின், அது கிளியிலோ குருதியிலோ அன்று, சபையின் மறைநூலிலிருந்தே எடுத்த இம்மேற்கோளிலேயே உள்ளது.

உருவம் மாறாமல் பெயர் மாறியதால் பொருள் மாறியது. ஆகவே பொருள் உருவத்தினுள் புதைந்த ஒன்றன்று. உருவம், பெயர், மரபு, காண்போர் ஆகியவற்றின் தொடர்பில் பிறப்பது.

9. முடிவுரை

மறைபொருளை ஏற்பதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அப்பொருளுக்கு அக்காலத்து நூற்சான்றோ வழக்குச்சான்றோ உண்டா? பிறழ்ச்சி எனத் தோன்றுவது அவ்வகைமையின் விதியே அன்று என்பது தெளிவா? அப்பொருளை உணரத்தக்க கேட்போர் அக்காலத்தில் இருந்தனரா? எலிப்பொறி இம்மூன்றையும் நிறைவு செய்கின்றது. மீனோசின் முகமும் அவ்வாறே. மூளையின் வடிவம் முதலாவதிலேயே நின்றுவிடுகின்றது.

மொழிபெயர்ப்பாளர் இரு தவறுகளுக்கிடையே செல்கின்றார். உருவகத்தின் உயிரை நோக்காது வேர்ப்பொருளைப் பெயர்த்தால், கருதாத கொம்பு முளைக்கும். குறிப்பாக நின்றதையெல்லாம் வெளிப்படையாக்கினால், மூல ஆசிரியர் கூறாததைக் கூறியதாக வாக்குமூலம் பெற்ற விசாரணையாளரின் பணியாக அது முடியும். கண்காணிப்புக்கு உட்பட்டு எழுதும் ஆசிரியரைப் பெயர்க்கும்போது இரண்டாவது தவறு ஏட்டளவில் நில்லாது அவ்வாசிரியரையே தாக்கக்கூடும். வெரோனேசேயைக் காத்தது எதற்கும் பொருள் கூறமுடியும் என்பதன்று. சிலவற்றைப் பொருள் கூறாது விட்டுவைக்கலாம் என்பதே.